கிளீனர் சைடு வரலாறு

மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறோம். யார் தூங்காமல் கிடந்ததால் அந்தப் பேர் வந்தது என்று கேட்பதில்லை. கீழமாரட் வீதியில் நடுச்சாமத்தில் வெங்காய மூட்டை இறக்கியவர்கள், சிம்மக்கல் பழ மார்க்கெட்டில் விடியுமுன் தார் சுமந்தவர்கள், நின்ற வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவர்கள், அரைக்கண் மூடியபடி திண்டுக்கல் ரோட்டைப் பிடித்தவர்கள். இவர்கள் தூங்கியிருந்தால் ஊரும் தூங்கியிருக்கும்.

லாரிக்காரர் பேச்சில் வண்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. வலது கைப்பக்கம் டிரைவர் சைடு. இடது கைப்பக்கம் கிளீனர் சைடு. போக்குவரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கிற வரலாறுகள் முதலாளியின் ஆபீஸ் அறையிலிருந்து எழுதப்பட்டவை. தொழிற்சங்கத் தோழர்கள் எழுதியவை டிரைவர் சைடிலிருந்து எழுதப்பட்டவை. கிளீனர் சைடிலிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி தெரியும். எங்கப்பா 1979இல், 14 வயசில், மதுரையில் ஒரு பார்சல் கம்பெனி லாரியில் கிளீனராக ஏறியவர். சித்தப்பா அதே தொழிலில் லோடுமேன். நான் தமிழில் எம்.ஏ. முடித்தது அந்தப் பேட்டாக் காசில்தான். அந்தக் காசு எப்படி வந்தது, எவ்வளவு வராமல் போனது என்று கணக்குப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

1. ஆணி பொறுக்கிய கதை

மதுரையின் மோட்டார் வரலாறு டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தில்தான் தொடங்கும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய தொழில் பஸ், உதிரி பாகம், பட்டறை என்று வளர்ந்தது. அதே குழுமத்தின் சதர்ன் ரோடுவேஸ் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு சரக்குப் போக்குவரத்து நடத்தியது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணி டயரில் ஏறாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ரோட்டில் ஆணி பொறுக்கினார்கள் என்பதும் ஊர்ப்பேச்சு. திறமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதை அது.

அதே கதையை மாட்டு வண்டிப் பக்கமிருந்து கேட்டுப் பாருங்கள். 1875இல் ரயில் மதுரைக்கு வந்தது. 1892இல் ஹார்வி மில் வந்தது. ஸ்டேஷனுக்கும் மில்லுக்கும், மில்லுக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் சரக்கு இழுத்தது மாடு. அந்த மாட்டுக்கு வார் தைத்தவர், சாட்டைக்குத் தோல் பதப்படுத்தியவர் அருந்ததியர். மூட்டையை முதுகில் ஏற்றியவர்களும் சேரிக்காரர்களே. மோட்டார் வந்தது, மாடு போனது. ரோட்டிலிருந்து ஆணியைப் பொறுக்கிப் போட்டதைப் போலவே, வார் தைத்தவரின் பிழைப்பையும் அந்த ரோடு பொறுக்கிப் போட்டுவிட்டது. புதிய தொழிலில் அவருக்கு என்ன இடம் கிடைத்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பஞ்சம். கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் அப்போது பேர் பெற்றது. வண்டியில் உருளை மாதிரி ஒரு அடுப்பு. அதற்குக் கரி போடணும், ஊதி விடணும், சாம்பல் அள்ளணும். அதைச் செய்து முகம் கறுத்து நின்றவர் கிளீனர். கருவியைச் செய்தவருக்கு வரலாற்றில் பேர் இருக்கிறது. கரி போட்டவருக்கு இருமல்தான் மிச்சம்.

2. ஏறுவதே போராட்டம்

ஸ்டியரிங் இருக்கட்டும், பயணியாக ஏறுவதற்கே நம் ஆட்கள் போராட வேண்டியிருந்தது. தீண்டாதாரை ஏற்ற மாட்டோம் என்று நடந்த பஸ் கம்பெனிகள் தென்மாவட்டங்களில் இருந்தன. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடை நீக்கச் சட்டம் சென்னை மாகாணம் முழுக்கப் பொதுப் போக்குவரத்தைத் திறந்தது. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தார்கள். அந்தத் தேதியை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. டிரைவர் சீட்டில் முதல் சேரிக்காரர் உட்கார்ந்த தேதிக்கு விழா எடுத்தவர் யாரும் இல்லை.

அதற்கும் ஓர் ஆண்டு முன்னால், 1938 பிப்ரவரியில், மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே தொழிலாளிக்கு எதிரி என்றார். ரயில்வேயில் நம் ஆள் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுவதையும், பம்பாய் மில்களில் நெசவுப் பகுதிக்குள் அவனை விடாததையும் எடுத்துக்காட்டினார். ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்தாலும் தொழிலாளிகள் ஒரே வர்க்கமாக உட்கார்வதில்லை என்ற அவருடைய பார்வையை மன்மாடில் விட்டுவிட்டு வரத் தேவையில்லை. மதுரை லாரி செட்டுக்கு அப்படியே பொருந்தும்.

3. ஏணி

ஒரு பார்சல் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். முன்னால் மேசை. அதில் புக்கிங் கிளார்க், கணக்குப்பிள்ளை. பின்னால் குடோன். குடோனில் லோடுமேன்கள். வாசலில் வண்டி. வண்டியில் டிரைவர், கிளீனர். மேசையிலிருந்து குடோனுக்குப் போகப் போக சாதி இறங்கிக்கொண்டே போகும். நான் பேசிய பழைய ஆட்கள் எல்லாருமே, ஆதிக்க சாதிக்காரர் உட்பட, இதை மறுக்கவில்லை. "அப்ப அப்படித்தான்" என்றார்கள்.

நம் ஆள் தொழிலுக்குள் நுழைந்த வாசல் முதுகு. முதலில் லோடு ஏற்றுவார். பிறகு வண்டியோடு தொத்திக்கொண்டு போய்க் கிளீனர். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, ஸ்டெப்னி மாற்றுவது, ரிவர்ஸ் பார்ப்பது, ராத்திரி டீசல் திருடு போகாமல் வண்டிக்கு அடியில் படுப்பது. டிரைவர் நல்லவராக இருந்தால், ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பார். அப்படித்தான் எங்கப்பா ஓட்டக் கற்றார். கற்றுக்கொடுத்தவர் வேறு சாதிக்காரர். அதையும் சொல்ல வேண்டும்.

லைன் வண்டியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பது வழக்கம். சமைப்பது கிளீனர் வேலை. ஆனால் கிளீனர் சேரிக்காரர் என்று தெரிந்தால் வேலை மாறிவிடும். எழுபது வயசைத் தாண்டிய ஒரு பெரியப்பா சொன்னது இது:

"வெங்காயம் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம். ஒலையில அரிசி போடக்கூடாது. அரிசி போட்டா அது சோறாயிரும்ல. சோத்தத் தொடக்கூடாது. ராத்திரி மழைன்னா மட்டும் ‘உள்ள வந்து படுடா’ம்பாரு. சோத்துக்கு ஒட்டுற தீட்டு, தூக்கத்துக்கு ஒட்டாது போல."

ரோடு நீள நீளச் சாதி கொஞ்சம் தளரும். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன பழைய 7ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை மதுரை வழியாகத்தான் வந்தது. 2010க்குப் பிறகு அதற்கு 44 என்று நம்பர். அந்த ரோட்டில் நாக்பூர் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் பவுத்தம் தழுவிய ஊர். இன்னொரு பழைய டிரைவர் சொன்னார்: "நாக்பூர் தாபாவுல நான் மதராஸி. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒருத்தனும் கேக்க மாட்டான். மேலூர் தாண்டி எங்க ஊருக்குள்ள வந்தா டீக்கடையில தனிக் கிளாஸ்." அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படம் நாக்பூரில் வாங்கியது. புத்தகம் வழியாக வராத அம்பேத்கர் ஆரஞ்சு லோடு ஏற்றப்போன லாரியில் வந்திருக்கிறார். நம் இயக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

4. எந்தச் சம்பளம்?

"உங்களுக்கு என்ன சம்பளம்ணே?" என்று கேட்டால் லாரி டிரைவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "எந்தச் சம்பளத்தக் கேக்குற?" என்பார். மாசச் சம்பளம் ஒன்று. அது சின்னது, ரிஜிஸ்டரில் இருப்பது. பேட்டா இன்னொன்று, ரோட்டில் இருக்கிற நாளுக்கு. டிரிப்புக்கு இவ்வளவு என்றோ வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ ஒரு படி. டீசல் மிச்சம் பிடித்தால் கொஞ்சம். இவ்வளவும் வரவு. பற்றுப் பக்கம்: சரக்கு நனைந்தால் டேமேஜ், மூட்டை குறைந்தால் ஷார்டேஜ், டயர் வெடித்தால் அதில் ஒரு பங்கு, வழியில் கொடுத்த மாமூல் கம்பெனி ஒதுக்கியதற்கு மேல் போனால் அது, வீட்டில் நல்லது கெட்டதுக்கு வாங்கிய அட்வான்ஸ்.

இது குழப்பம் மாதிரி தெரியும். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பி.எப்., போனஸ், பணிக்கொடை எல்லாம் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை. பேட்டாவை வைத்து அல்ல. சம்பளத்தைச் சின்னதாகவும் பேட்டாவைப் பெரிதாகவும் வைத்தால், ஓடுகிறவரை டிரைவர் கையில் காசு இருக்கும். ஓட்டம் நின்ற நாளில் ஒன்றும் இருக்காது. பேட்டா என்பது வழியில் சாப்பிடக் கொடுக்கும் காசு. அதில் வீட்டுக்கு மிச்சம் பிடிப்பதென்றால் வயிற்றில் மிச்சம் பிடிப்பது. எங்கள் படிப்பெல்லாம் எங்கப்பா சாப்பிடாத சாப்பாடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1939 மோட்டார் வாகனச் சட்டமே டிரைவருக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அண்ணல் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்து உழைப்பின் பலனாக 1946இல் தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்று ஆனது. அந்த 48 லாரிக்கு வந்து சேர இன்னும் 15 வருஷம் பிடித்தது. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. நீண்ட தூர ஓட்டத்துக்கு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. ராத்திரி தங்கும் இடத்தில் ஓய்வறை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். நாலுவழிச் சாலை வருமுன் லோடு லாரி மணிக்கு சராசரி 40 போனால் அதிகம். பதினொன்றரை மணி நேரம். வழியில் செக்போஸ்ட், ரயில்வே கேட், பஞ்சர் எல்லாம் தனி. சாயங்காலம் புக் ஆன பார்சல் மறுநாள் காலை கடை திறக்கையில் கொத்தவால்சாவடியில் இறங்க வேண்டும். ஆக, ஒற்றை டிரைவர் ஒரு நடை சென்னை போனாலே சட்டம் உடைந்துவிடும். சட்டத்தை மீறித்தான் அந்தத் தொழிலே நடந்தது. ‘மறுநாள் டெலிவரி’ என்ற பெருமையான பலகைக்குப் பின்னால் ஒரு மனுசனின் தூக்கம் இருந்தது. இரட்டைக் கூலி என்ற சொல்லை எங்கப்பா முதன்முதலில் என் வாயிலிருந்துதான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சட்டத்துக்குள் ஒரு சந்தும் இருந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது தானாகப் பொருந்தாது. நாலு வண்டி தன் பேரில், நாலு மனைவி பேரில், நாலு மச்சான் பேரில் என்று பிரித்து வைத்துக்கொண்ட முதலாளிகள் எத்தனையோ பேர். ரோட்டில் ஒரே பேர் எழுதிய வண்டிகள், காகிதத்தில் தனித்தனிக் கம்பெனிகள். டிரைவர்களில் பாதிப் பேர் ‘ஆக்டிங்’. வருஷக்கணக்காக ஆக்டிங். எங்கப்பா கிளீனராக ஏழு வருஷம், ஆக்டிங் டிரைவராகப் பத்தொன்பது வருஷம் ஒரே கம்பெனியில் ஓட்டினார். இடுப்பு போனபிறகு பணிக்கொடை கேட்டுப் போனபோது, "நீ எங்க ரோல்லயே இல்லையேப்பா" என்றார்கள். ரோல் என்பது ரிஜிஸ்டர். வண்டியின் ஒவ்வொரு டயருக்கும் அந்த ஆபீசில் நம்பரும் தேதியும் போட்டு ரிஜிஸ்டர் இருந்தது.

இன்னொரு ஏற்பாடு கமிஷன் ஏஜெண்டு. வெளியூர்க் கிளைகளைக் கம்பெனி நேரடியாக நடத்தாமல், தன் குடோனில் ஓர் ஏஜெண்டை உட்காரவைக்கும். இது குறித்து 1989இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. சதர்ன் ரோடுவேஸுக்கும் அதன் பெங்களூர் ஏஜெண்டு ஒருவருக்கும் குடோன் பற்றிய வழக்கு. ஏஜெண்டு கையில் இருக்கும் இடம் சட்டப்படி கம்பெனியின் கையில் இருப்பதாகவே பொருள் என்று நீதிமன்றம் சொன்னது. சொத்து விஷயத்தில் அது நியாயமான தீர்ப்புதான். நான் கேட்பது, லாரித் தொழில் முழுக்கவே, அந்த நியாயம் ஆள் விஷயத்தில் ஏன் வரவில்லை என்று. ஏஜெண்டின் குடோன் கம்பெனியின் குடோன். அந்தக் குடோனில் மூட்டை தூக்குகிறவர் மட்டும் ஏஜெண்டின் ஆள், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர். சுவருக்குக் கிடைத்த உறவு முதுகுக்குக் கிடைக்கவில்லை.

5. ஒரே ஸ்டியரிங், இரண்டு உலகம்

1971இல் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 16 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடுத்த ஆண்டு, 1972இல், டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் பஸ்ஸில் டிரைவர் வேலை தெரிந்தவர் மூலமாக, சொந்தக்காரர் மூலமாகக் கிடைத்தது. கழகம் ஆனபிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. காக்கிச் சட்டை, சம்பள விகிதம், பி.எப்., வாரவிடுப்பு. சேரியில் காரை வீடு கட்டிய முதல் தலைமுறையில் பஸ் டிரைவரும் கண்டக்டரும் உண்டு. லாரி மட்டும் தனியாரிடமே நின்றது. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே ஹெவி லைசென்ஸ். ஒருவர் பென்ஷனோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டில் எங்கப்பா.

அரசு பஸ் சாதி ஒழிந்த இடம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்ததும் என்ன நடந்தது என்பதைத் தென்மாவட்டம் மறக்காது. தேவேந்திரர் குலத்தில் பிறந்த ஒரு போர்வீரனின் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பேரையும் நீக்கியது. பாண்டியன் பேரும் அதோடு போனது. அதே 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பஸ்ஸில் சீட்டும் கிடைத்து, ஸ்டியரிங்கும் கிடைத்து, பேரும் கிடைக்க இருந்த நேரத்தில் வந்த அடி அது.

6. இப்போது

2007இல் சரக்கு, பயணிகள் வண்டி ஓட்டும் லைசென்சுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் சேர்த்தார்கள். கிளீனராக ஏறிக் கைப்பழக்கத்தில் டிரைவராகும் பழைய ஏணி அன்றோடு முறிந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்களில் யார் அதிகம் என்பது நமக்குத் தெரியும். 12 வருஷம் கழித்து, டிரைவர் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி, 2019இல் அதை நீக்கினார்கள். கதவு மூடியதற்கும் திறந்ததற்கும் நம்மைக் கேட்கவில்லை. அதற்குள் பல லாரிகளில் கிளீனர் சீட்டே காலி.

பத்திரிகையில் ‘லாரி ஸ்டிரைக்’ என்று வந்தால் அது பெரும்பாலும் முதலாளிகளின் ஸ்டிரைக். 2018 ஜூலையில் நாடு முழுக்க எட்டு நாள் வண்டி நின்றது. டீசல் விலை, சுங்கக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று கோரிக்கைகள். வண்டி நின்றால் பேட்டாவும் நிற்கும் என்பது டிரைவர் வீட்டுக்கு மட்டும் தெரிந்த செய்தி. டிரைவர்களே தங்களுக்காக வண்டியை நிறுத்தியது அபூர்வம். 2024 ஜனவரியில், விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய தண்டனைப் பிரிவுக்கு எதிராக வட மாநிலங்களில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஸ்டியரிங்கை விட்டால் அரசு கேட்கும் என்பதற்கு இது சாட்சி.

1961 சட்டத்தை 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு உள்ளிழுத்துக்கொண்டது. ஐந்து தொழிலாளி என்ற வரம்பு பத்து ஆனது. முன்பு நாலு நாலாகப் பிரித்தவர்கள் இனி ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கலாம். கூலித் தொகுப்பில் ஒரு பிடி மட்டும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதி கூலியாகவே கணக்கில் வரும். 2025 நவம்பர் 21 முதல் இந்தத் தொகுப்புகள் நடைமுறையில் இருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பேட்டாவைக் கூலியாக எண்ண வைக்கும் வழக்குகளை நாம் போட வேண்டும். போடுவதற்குக் காகிதம் வேண்டும். டிரிப் ஷீட், பேட்டா வவுச்சர், டோல் சீட்டு எதையும் கிழித்துப்போடாதீர்கள் என்று ஒவ்வொரு டிரைவர் வீட்டிலும் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

அதைவிடப் பெரிய ஆபத்து மறுபக்கத்திலிருந்து வருகிறது. சென்னையில் 2025இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பஸ்களில் கண்டக்டர் கழகத்தின் ஆள், டிரைவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். 1972இல் திறந்த வாசல் சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. ஒப்பந்தக் கம்பெனிக்கு 18 சதவீதம் கிடையாது, இனச்சுழற்சி கிடையாது. லாரியைப் பஸ் மாதிரி ஆக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய காலத்தில், பஸ்ஸை லாரி மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அரசு ஒப்பந்தம் எடுக்கும் எந்தப் போக்குவரத்துக் கம்பெனியும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும். தொழிற்சங்கங்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் பட்டியலின் கடைசியில் வைத்தால் போதாது.

கூடவே இன்னொரு வேலையும் இருக்கிறது. கரி காஸ் வண்டியில் ஊதிய தலைமுறை போய்விட்டது. தனிச்சோறு தின்ற கிளீனர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவனியாபுரத்திலும் வில்லாபுரத்திலும் மேலூரைச் சுற்றியுள்ள சேரிகளிலும் முதுகெலும்பு தேய்ந்து கட்டிலில் கிடக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள், யார் சோற்றை யார் ஆக்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கம்பெனி ரிஜிஸ்டரில் அவர்கள் பேர் இல்லை. நம் ரிஜிஸ்டரில் இருக்கட்டும்.